மூடி திறந்திருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

பறவைகளைப் படமெடுக்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இரண்டரை மணிக்கு, மனைவியையும் பத்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு மதுரையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் உள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன். அருமையான வெளிச்சம். சங்குவளை நாரைகள் ஊருக்குள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் எடுத்த பிறகு, மகள் படங்களைக் காட்டச் சொன்னாள். அப்போதுதான் கேமராவில் மெமரி கார்டே இல்லை என்று தெரிந்தது. முந்தைய இரவு அவளுடைய பள்ளி ஆண்டு விழாப் படங்களை மடிக்கணினியில் ஏற்றியபோது, கார்டை அதிலேயே விட்டுவிட்டேன். புறப்படும்போது மனைவி அவசரப்படுத்தியதும் ஒரு காரணம். அங்கே கேமராவுடன் நின்ற இருவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் நான் யாரிடமும் பேசவில்லை.

எனக்கு வயது 41. ஞாபகம் குறையத் தொடங்கிவிட்டதா? அல்லது, கருவியை விடக் கண்ணால் பார்ப்பதே உயர்ந்தது என்பதை இந்தச் சம்பவம் எனக்கு உணர்த்துகிறதா? படமெடுப்பதையே விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது. நல்ல கேமரா பை ஒன்றையும் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக அலமாரியைக் காலி செய்தோம். இருபது ஆண்டுகளாகத் தொடாமல் கிடந்த என் பழைய ஃபிலிம் கேமரா, பென்டாக்ஸ் கே1000, வெளியே வந்தது. அதன் பின்மூடி திறந்தே இருந்ததைப் பார்த்த மருமகன், உடைந்துவிட்டதா என்று கேட்டான். உடையவில்லை, ஃபிலிம் ரோல் இல்லாத கேமராவை நான் மூடி வைப்பதில்லை என்றேன். அவனுக்கு அது விளங்கவில்லை. இந்தப் பதில் அவனுக்கும் சேர்த்துத்தான்.

வயதைப் பற்றிய கவலையை விட்டுத்தள்ளுங்கள். இதே காரியத்தை நான் பத்தொன்பது வயதில் செய்திருக்கிறேன். படமெடுப்பதையே விட்டுவிடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான். ஆனால் மனைவி அவசரப்படுத்தியதைக் காரணமாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை நீங்கள் அடித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். கார்டைக் கணினியில் செருகியவர் நீங்கள். எடுக்காமல் படுக்கப் போனவரும் நீங்கள். நீங்கள் பறவை பார்ப்பதற்காக நடுச்சாமத்தில் எழுந்து, குழந்தையையும் கிளப்பிக்கொண்டு வந்தவரிடம், மூன்றரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டுகின்றன. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிற ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு, ஒரு கார்டைக் கடனாகக் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள். கேமராவைத் தோளில் மாட்டித் திரிகிறவர்களில் பாதிப் பேர் மாற்றுக் கார்டு வைத்திருப்பார்கள். உங்கள் நிலையை ஒரு முறையாவது அனுபவித்தவர்கள் என்பதால், கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுத்துமிருப்பார்கள்.

என்னை உண்மையில் எரிச்சல்படுத்தியது, கண்ணால் பார்ப்பதே உயர்ந்தது என்ற அந்த ஆறுதல். இதைப் படமே எடுக்காதவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். படமெடுக்கவென்றே 180 கிலோமீட்டருக்கு மேல் காரோட்டிப் போனவர், கார்டு இல்லை என்று தெரிந்த பிறகு சொன்னால், அது எட்டாத திராட்சை. ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்றால், அந்த ஆறுதலை நானும் பல ஆண்டுகள் சப்புக்கொட்டிக்கொண்டு இருந்தேன்.

1987-இல் திருநெல்வேலியில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்தேன். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். ஆனித் தேரோட்டத்தன்று அவருடைய கே1000-ஐயும் ஒரு கறுப்பு வெள்ளை ரோலையும் என்னிடம் கொடுத்து, தேர் நிலைக்கு வரும்வரை எடு என்று அனுப்பினார். காலையிலிருந்து ரத வீதிகளில் ஓடினேன். தேரின் சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கானவர்கள் வடத்தை இழுக்க, உருண்டு வருகிற சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்து நின்று, கட்டையைச் செருகிவிட்டுக் கையை உருவிக்கொள்வார்கள். அவர்களில் ஒருவர், கட்டையைக் கொடுத்த அதே நொடியில், தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்தார். அழுத்தினேன். 36 படங்களும் முடிந்த பிறகும், அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்துகிற லீவர் இழுபட்டுக்கொண்டே இருந்தது. ரோலில் ஒன்றிரண்டு படம் கூடுதலாகக் கிடைப்பது உண்டு என்பதால், எனக்கு யோகம் அடித்துவிட்டதாக நினைத்து மேலும் நாலைந்து எடுத்தேன்.

அண்ணாச்சி கேமராவை வாங்கி, ஃபிலிமைத் திரும்பச் சுருட்டுகிற ரீவைண்ட் குமிழை இரண்டு சுற்றுச் சுற்றினார். அதற்கு மேல் பிடிமானம் இல்லாமல் அது கையோடு வந்தது. ஃபிலிமின் நாக்கு, அதை இழுத்துச் சுருட்டுகிற எதிர்ப்பக்க ஸ்பூலில் சிக்கவே இல்லை; ஒரு படமும் பதியவில்லை. ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் ஃபிலிம் நகர்ந்தால் இடப்பக்கக் குமிழ் சுற்ற வேண்டும். அதை நான் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. “குமிழ் சுத்துச்சாடே?” என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மூடியைத் திறந்து ரோலை வெளியே எடுத்தவர், “புதுசாத்தான் இருக்கு, நாளைக்குக் கல்யாணத்துக்கு ஆகும்” என்று சொல்லிவிட்டு அதை மேசை இழுப்பறையில் போட்டார்.

அந்த முட்டுக்கட்டைக்காரரின் முகம் என் மனதில் அழியாமல் பதிந்திருக்கிறது என்று நண்பர்களிடம் பல முறை சொல்லியிருக்கிறேன். அது பொய் என்று பிறகு உணர்ந்தேன். ஒரு முறை சொன்னபோது அவருக்கு நரைத்த மீசை இருந்தது. இன்னொரு முறை மழித்த முகம். எனக்கு நிச்சயமாக நினைவிருப்பது லீவர் இழுபட்ட சத்தம் ஒன்றுதான். உங்கள் நாரைகளுக்கும் பத்து ஆண்டுகளில் இதுதான் நடக்கும். ஆகவே இழந்ததை இழப்பு என்றே சொல்லிப் பழகுங்கள்.

இவ்விடத்தில் புகைப்படக்காரர்கள், அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸின் கதையை எடுத்துக்கொண்டு வருவார்கள். 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மீது நிலா எழுவதைக் கண்டு காரை நிறுத்தியவருக்கு, அவசரத்தில், வெளிச்சத்தை அளக்கிற ஒளிமானி அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு அளவு அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்ததால், அதிலிருந்து கணக்கிட்டு ஒரே ஒரு ஷாட் எடுத்தார். இரண்டாவதற்கு ஃபிலிம் வைத்த சட்டத்தைத் திருப்பிப் போடுவதற்குள் கல்லறைச் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. அவருடைய மிகப் புகழ்பெற்ற படம் அதுதான். ஆனால் கையில் அகப்படாமல் போனது ஒளிமானி மட்டுமே. ஒளிமானி இல்லாவிட்டால் அறிவு ஈடுசெய்யும். கேமராவைத் தாங்கும் முக்காலி இல்லாவிட்டால் மதில்சுவர் ஈடுசெய்யும். முக்காலியின் திருகை முடுக்க ஒரு ரூபாய் நாணயம் போதும். கார்டுக்கும் பேட்டரிக்கும் அப்படி எதுவும் கிடையாது.

விநோதம் என்னவென்றால், நாம் மறப்பது எப்போதும் இவற்றைத்தான். இரண்டு கிலோ லென்ஸை வீட்டில் விட்டுவிட்டுப் போனவரை நான் பார்த்ததில்லை. பேட்டரி சுவரில் சார்ஜரோடு தொங்கிக்கொண்டிருக்கும். கார்டு கணினியில் இருக்கும். கேமராவை முக்காலியில் பொருத்துகிற பிளேட் இன்னொரு கேமராவின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அக்கறையோடு நாம் வெளியே எடுத்த பொருள்தான் வெளியிலேயே தங்கிவிடுகிறது. நீங்களும் அலட்சியத்தால் மறக்கவில்லை, மகளின் படங்களைப் பத்திரப்படுத்தப் போய் மறந்தீர்கள். அந்த அளவில் உங்கள் மீது எனக்கு வருத்தமில்லை.

பட்டியல் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. கார்டு என்ற சொல்லைப் படித்ததும், அது கேமராவுக்குள் இருப்பதாகவே மனம் எண்ணிக்கொண்டு டிக் அடித்துவிடும், ஏனென்றால் நேற்று வரை அது அங்கேதான் இருந்தது. இருப்பதை நினைவூட்டுவது பயன்படாது. இல்லாததுதான் கண்ணில் குத்த வேண்டும். தேரோட்டத்துக்கு மறுநாளிலிருந்து அண்ணாச்சி எனக்கு விதித்த ஒரே கட்டளை அதுதான்: ரோல் இல்லாத கேமராவின் பின்மூடி திறந்தே இருக்க வேண்டும், மூடியிருந்தால் உள்ளே ரோல் இருக்கிறது என்று அர்த்தம். தூசி போகுமே என்றேன். தூசியைத் துடைத்துக்கொள்ளலாம் என்றார். பிற்பாடு அந்த கே1000-ஐ அவரிடமே விலைக்கு வாங்கியபோது, கூடவே இந்தப் பழக்கமும் வந்துவிட்டது.

நீங்களும் அதையே செய்யுங்கள். கார்டை எடுத்தால் அதன் கதவைத் திறந்தே விடுங்கள். பேட்டரியை எடுத்தாலும் அப்படியே. வாய் திறந்து கிடக்கிற கேமராவைப் பையில் வைக்க உங்கள் கை கூசும். வண்டிச் சாவியைச் சார்ஜரின் மேல் வையுங்கள்; பேட்டரியைத் தொடாமல் தெருவுக்கே இறங்க முடியாது. ஒரு மாற்றுக் கார்டு மணிபர்சில் கிடக்கட்டும். பிறகு, உங்கள் கேமராவின் மெனுவைத் தேடிப் பாருங்கள். கார்டு இல்லாதபோது ஷட்டர் இயங்கலாமா, கூடாதா என்று தேர்வு செய்யும் வசதி பல கேமராக்களில் உண்டு. இயங்கலாம் என்று இருப்பது, கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு உதவும்; நாரைக்கு எதிரே நிற்பவருக்கு உதவாது. நீங்கள் முக்கால் மணி நேரம் அழுத்தியும் அது ஒத்துழைத்தது என்றால், உங்கள் கேமரா அந்த நிலையில்தான் இருக்கிறது. இன்றைக்கே ‘கூடாது’ என்று மாற்றிவிடுங்கள்.

பையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருப்பதே போதும்.

பங்குனி முடிவதற்குள் மறுபடி போய்வாருங்கள். குஞ்சுகள் பெரிதாகிக் கூட்டின் விளிம்புக்கு வந்து நிற்கிற காலம். மனைவியிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள். புறப்படும் முன்பு கேமராவின் கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை மகளிடம் கொடுத்துவிடுங்கள். முதலில் படம் கேட்டவள் அவள்தானே.