வீட்டில் போடும் ஆஃப்பாயில் ஏன் கடையில் போல மணப்பதில்லை?

தனியாகத் தங்கியிருக்கிறீர்கள், இரவுக்கு எளிதாக ஏதாவது வேண்டும், கையில் இருப்பது ஒட்டாத தவா என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் அந்தத் தவாவை ஒதுக்கி வையுங்கள். இரும்புத் தோசைக்கல் வாங்குங்கள்.

மதுரையில் என் தாய்மாமா இரவுப் பரோட்டாக் கடை நடத்தினார். கல்லூரிக் காலத்தில் அங்கே ஆஃப்பாயில் போட்டது நான்தான். அதைக் கேட்டே வந்தவர்கள் உண்டு. பரோட்டாக் கல்லில் தீ நடுவில் எரியும். முட்டைக்கு எப்போதும் ஓரம்தான். "நடுவில் ஊற்றாதே மாப்பிள்ளை, அடி கருகும், மேலே சளியாக நிற்கும்" என்பார் மாமா. காரணம் இருக்கிறது. வெள்ளைக்கரு முழுக்கக் கெட்டியாக ஏறத்தாழ 80 டிகிரி சூடு வேண்டும். மஞ்சள் கருவோ 70 டிகிரிக்குள் இறுகிவிடும். ஆகவே சூடு அடியிலிருந்து நிதானமாக ஏற வேண்டும்.

கல் நன்றாகக் காய்ந்ததும் தீயைக் குறையுங்கள். கடலை எண்ணெய் தாராளமாக விட்டு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போடுங்கள். வெங்காயம் நிறம் மாறும்போது அதன் மேலேயே முட்டையை உடைத்து ஊற்றுங்கள். ஓரம் சரிகை போலப் பொன்னிறமாகச் சுருளும். அப்போது கல்லைச் சற்றே சாய்த்து, தேங்கும் எண்ணெயைக் கரண்டியில் அள்ளி வெள்ளையின் மேல் மட்டும் விடுங்கள். மிளகை அப்போதைக்கப்போது ஒன்றிரண்டாக இடித்து, இறக்கும்போது தூவ வேண்டும். பொட்டலத் தூளில் காரம் இருக்கும், மணம் போயிருக்கும்.

இவ்வளவு எண்ணெயா என்று கேட்பவர்கள் வருவார்கள். தினமும் சாப்பிடச் சொல்லவில்லை. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் திருப்பிப் போட்டு முழுக்க வேகவைத்தே கொடுங்கள். சால்மோனெல்லா கிருமி விளையாட்டல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னையில் வாடகை பேசி முன்பணமும் கொடுத்த பிறகு, "முட்டைகூடச் சமைக்கக் கூடாது" என்றார் வீட்டு உரிமையாளர். சத்துணவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே முட்டை கொடுக்கிற மாநிலம் இது. வாடகை கொடுப்பவன் தன் அடுப்பில் முட்டை பொரிக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? இன்று நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. வீடே வேண்டாம் என்று வந்துவிட்டேன். முன்பணத்தைத் திரும்ப வாங்கத்தான் அலைய வேண்டியிருந்தது.