கைப்பையில் எதை வைப்பது?

கேள்வி: மகளைப் பார்க்க முதல்முறையாகச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறேன். ஊறுகாய், மாத்திரை, பவர் பேங்க் எல்லாம் எந்தப் பெட்டியில் போகணும்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஊறுகாயும் தொக்கும் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும் விமான நிலையத்தில் ஒப்படைக்கிற பெரிய பெட்டிக்குத்தான் அம்மா, கைப்பையில் இருந்தால் 100 மி.லி.க்கு மேற்பட்ட பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் எண்ணெய் இருக்கிறது என்றாலும் சோதனையில் எடுத்துவிடுவார்கள், அவர்கள் பார்ப்பது பாட்டிலின் அளவை. பவர் பேங்க் இதற்கு நேர்மாறு. அதிலிருக்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால், பெரிய பெட்டிகள் போகிற சாமான் அறையில் அணைக்க ஆளில்லை, அதனால் கையோடுதான் வர வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல் மருத்துவர் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள், பெட்டி வந்துசேரத் தாமதமானால் ராத்திரி மாத்திரைக்கு எங்கே போவது? கூடவே மாற்றுப் புடவை ஒன்று. அப்புறம், பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான், வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்.