டால்பின்களுக்குப் பெயர் உண்டா?

கேள்வி: டால்பின்கள் சீழ்க்கை ஒலியால் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைக்கின்றன என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெருமளவு உண்மையே. குப்பிமூக்கு டால்பின் ஒவ்வொன்றும் இளம் பருவத்திலேயே தனக்கே உரிய ஒரு சீழ்க்கையை உருவாக்கிக்கொள்கிறது. குரல்நாண் இல்லாத அவ்விலங்கு, மூச்சுத்துளைக்குக் கீழுள்ள நாசிப் பாதையின் திசுக்களை அதிரச் செய்து அதை எழுப்புகிறது. ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் ஸ்டெஃபனி கிங், வின்சென்ட் யானிக் ஆகிய இருவரும் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், தன் சீழ்க்கையின் நகலை நீருக்கடியில் ஒலிபரப்பக் கேட்ட டால்பின் அதையே திருப்பி ஒலித்து விடையளித்தது. பிறவற்றின் சீழ்க்கைக்குப் பெரும்பாலும் அவ்வாறு செய்யவில்லை. என்னை மிகவும் நெகிழச் செய்வது வேறொன்று: அமெரிக்காவின் சரசோட்டா விரிகுடாவில், ஆய்வுக்காகச் சற்று நேரம் பிரித்து வைக்கப்பட்ட தாயும் கன்றும் ஒன்று மற்றொன்றின் சீழ்க்கையை ஒலித்து அழைத்ததும் பதிவாகியிருக்கிறது. ஆயினும், இச்சீழ்க்கைகளை வாக்கியங்களாகக் கோத்து அவை உரையாடுவதற்குச் சான்று இல்லை.