மாநில டேக்கோடு பழங்குடி நிலத்தில் மான் வேட்டைக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலம் சூ ஃபால்ஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். என் டீமில் இருக்கும் நண்பர் செயென் ரிவர் சூ பழங்குடியைச் சேர்ந்தவர். நவம்பரில் மான் வேட்டைக்கு வரச் சொல்கிறார். மாநிலக் குலுக்கலில் எனக்கு 'வெஸ்ட் ரிவர்' மான் டேக் (மிசூரி ஆற்றுக்கு மேற்கே மான் அடிப்பதற்கான அனுமதிச் சீட்டு) கிடைத்திருக்கிறது. அவருடைய பெரியப்பா நிலமும் மாநில அரசு நிலமும் அடுத்தடுத்து இருக்கின்றனவாம். "எங்க குடும்ப நிலம்தான், தைரியமா வா" என்கிறார். துப்பாக்கியும் அவரே தருகிறார். ஒரே டேக்கில் இரண்டு நிலத்திலும் வேட்டையாடலாமா?

பதில்: இரண்டிலும் முடியாது. உங்கள் டேக் மாநில நிலத்துக்குச் செல்லும், அதுவும் டேக்கில் போட்டிருக்கும் யூனிட்டுக்குள், அதாவது வேட்டைப் பகுதிக்குள், அந்த இடம் வந்தால்தான். பெரியப்பாவின் நிலம் பெரும்பாலும் ட்ரஸ்ட் நிலமாக, அதாவது பழங்குடியினருக்காக மத்திய அரசு தன் பொறுப்பில் வைத்திருக்கும் நிலமாக, இருக்கும். அங்கே மாநில டேக் செல்லாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை முதலில் பதற வைத்தது நிலம் இல்லை, விசா. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். 2022-க்குப் பிறகு அதற்கான உச்சபட்ச தண்டனை 15 வருடம். இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துவது ஒன்று: அமெரிக்காவில் முறைப்படி கொடுக்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருக்க வேண்டும். துப்பாக்கி நண்பருடையதுதானே என்று நினைக்காதீர்கள். சட்டம் பார்ப்பது அது யார் கையில் இருக்கிறது என்பதை. லைசென்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே பயிற்சிக்கென்று ரேஞ்சுக்குப் போய் அவருடைய ரைஃபிளைப் பிடித்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். லைசென்ஸ் தேதி முடிந்த பிறகு ஒரு தோட்டாப் பெட்டி உங்கள் காரில் கிடந்தாலும் அதே கதைதான். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் நாடு கடத்த அது தனிக் காரணமாகும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கடைசி விஷயம் பொருந்தும். எனவே லைசென்ஸின் தேதியைப் பாருங்கள், பிரதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விசாவில் வேறு ஏதாவது சிக்கல் இருந்தால் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் குடிவரவு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

சரி, நிலத்துக்கு வருவோம். ரிசர்வேஷன் என்றால் பழங்குடிக்கென்று ஒதுக்கிய பகுதி. அதற்குள் பல கைகளில் நிலம் இருப்பதற்குக் காரணம் 1887-ல் வந்த டாஸ் சட்டம். பொதுவில் இருந்த பழங்குடி நிலத்தைக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று துண்டு போட்டது. மிஞ்சியதை வெளியாருக்குத் திறந்துவிட்டது. செயென் ரிவர் ரிசர்வேஷனில் இந்தத் திறப்பு 1908-ல் நடந்தது. வெளியார் வந்து குடியேறியதால் அந்தப் பகுதி ரிசர்வேஷனை விட்டே போய்விட்டதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லை சுருங்கவில்லை என்று 1984-ல் தீர்ப்பு வந்தது. அதனால் இன்று அந்த எல்லைக்குள் பழங்குடிக்குப் பொதுவான ட்ரஸ்ட் நிலம், தனிக் குடும்பங்களுக்கு ஒதுக்கிய ட்ரஸ்ட் நிலம், வெளியாரின் பட்டா நிலம், அரசு நிலம் எல்லாம் சதுரங்கக் கட்டம் போல மாறி மாறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் சட்டம் வேறு.

யாருடைய சட்டம் எங்கே செல்லும் என்பதற்கு அடிப்படை 1981-ல் மான்டானா மாநிலத்தின் குரோ ரிசர்வேஷன் வழக்கில் வந்த தீர்ப்பு. பழங்குடிக்குச் சொந்தமான நிலத்திலும், அவர்களுக்காக மத்திய அரசு ட்ரஸ்டில் வைத்திருக்கும் நிலத்திலும் வெளியாரின் வேட்டையைத் தடுக்கவும் கட்டணம் வாங்கி அனுமதிக்கவும் பழங்குடி அரசுக்கு உரிமை உண்டு. வெளியாரின் பட்டா நிலத்தில் பொதுவாக அந்த உரிமை இல்லை. நியூ மெக்சிகோவின் மெஸ்கலேரோ அப்பாச்சி வழக்கில், கிட்டத்தட்ட முழு நிலமும் பழங்குடியிடமே இருந்தது, வன விலங்குகளைப் பராமரித்ததும் அவர்களே. அப்படிப்பட்ட இடத்தில் மாநிலம் தன் வேட்டை விதிகளை வெளியார் மேல் திணிக்க முடியாது என்று 1983-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். உங்கள் நண்பரின் ரிசர்வேஷனை ஒட்டிய மிசூரி ஆற்றங்கரை மட்டும் தனிக் கணக்கு. ஓவாஹி அணைக்காக 1954-ல் உங்கள் நண்பரின் பழங்குடியிடமிருந்து 1,04,420 ஏக்கரை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. அந்த நிலத்தில் வெளியாரின் வேட்டையைக் கட்டுப்படுத்தும் உரிமையும் அதோடு போய்விட்டது என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிலத்தையும் எடுத்துக்கொண்டு அதன் மேல் இருந்த அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டது அநியாயம் என்பதே என் கருத்து. ஆனால் இன்றைய சட்டம் அதுதான். ஆற்றுப் பக்கம் போவதாக இருந்தால் மாநில அரசு, பழங்குடி அரசு இரண்டிடமும் கேட்காமல் இறங்காதீர்கள்.

உங்கள் நண்பர் நல்ல மனதோடுதான் அழைக்கிறார். ஆனால் ட்ரஸ்ட் நிலத்தில் அவர் சொல் மட்டும் போதாது. அவர் பழங்குடி உறுப்பினர் என்ற முறையில் அவருக்கு இருக்கும் வேட்டை உரிமை உங்களுக்கு ஒட்டிக்கொண்டு வராது. உறுப்பினர் அல்லாதவருக்கென்று உள்ள லைசென்ஸையும் டேக்கையும் ஈகிள் பியூட் ஊரில் இருக்கும் பழங்குடி அரசின் வேட்டை, மீன்பிடித் துறையிடம் நீங்களே வாங்க வேண்டும். அதற்கு மேல் நில உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பிரிந்த ஒதுக்கீட்டு நிலங்களில் ஒரே துண்டுக்குப் பத்து இருபது வாரிசுகள் கூட இருப்பார்கள். "பெரியப்பா நிலம்" என்பது பேச்சு வழக்கில் சரி. பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

அனுமதி இல்லாமல் போனால் என்ன ஆகும்? தெரிந்தே வேட்டைக்காகப் பழங்குடி நிலத்தில் நுழைவது மத்தியக் குற்றம்: 90 நாள் வரை சிறை, அபராதம், அடித்த மானும் பறிபோகும். பழங்குடிச் சட்டத்தை மீறி அடித்த மானை வண்டியில் ஏற்றிக் கிளம்பினால் அதோடு லேசி சட்டமும் (சட்டத்தை மீறிப் பிடித்த விலங்குகளைக் கொண்டுபோவதைத் தடுக்கும் மத்திய சட்டம்) சேரும். பழங்குடி நீதிமன்றம் வெளியார் மேல் பொதுவாகக் குற்ற வழக்கு நடத்த முடியாது என்று 1978-லிருந்து சட்டம் இருக்கிறது. அதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு "அவர்கள் போலீஸ் நம்மை ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். ரிசர்வேஷன் வழியாகப் போகும் பொதுச் சாலையில் பழங்குடி போலீஸ் வெளியாரை நிறுத்தி, சந்தேகம் இருந்தால் சோதித்து, உரிய அதிகாரியிடம் ஒப்படைக்கலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடுத்து நீங்கள் கேட்காத ஒன்று. மாநில நிலத்தில் நின்று சுடுகிறீர்கள், அடிபட்ட மான் ஓடிப்போய் வேலிக்கு அந்தப் பக்கம் ட்ரஸ்ட் நிலத்தில் விழுகிறது. பின்னாலேயே துப்பாக்கியோடு ஓடிவிடாதீர்கள். சுட்ட இடத்தையும் மான் போன திசையையும் போனில் குறித்துக்கொண்டு, பழங்குடி கேம் வார்டனை (வேட்டைக் காவல் அதிகாரியை) கூப்பிட்டு அனுமதி கேளுங்கள். எண்ணை முன்கூட்டியே சேமித்து வையுங்கள், அங்கே பல இடங்களில் நெட் வராது. சுடும்போதே மான் வேலிக்கு அப்பால் நின்றிருந்தால், உங்கள் கால் எங்கே இருந்தாலும் அது ட்ரஸ்ட் நிலத்தில் நடந்த வேட்டைதான்.

மாநில நிலத்துக்குப் போகும் வழியையும் பாருங்கள். நாலு பக்கமும் ட்ரஸ்ட் நிலமோ பட்டா நிலமோ சூழ்ந்திருந்தால், பொதுச் சாலை தொடாத அந்தத் துண்டுக்குள் போக அனுமதி வேண்டும். இரண்டு பொது நிலத் துண்டுகள் மூலையில் மட்டும் தொடும்போது அந்த மூலையைத் தாண்டிப் போகலாம் என்று 2025-ல் பத்தாவது வட்ட நீதிமன்றம் (சில மாநிலங்களுக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்) சொன்னது வயோமிங்கில் மத்திய அரசின் பொது நிலமும் தனியார் நிலமும் கலந்த வழக்கில். தெற்கு டகோட்டா எட்டாவது வட்டத்தில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு அங்கே கட்டுப்படுத்தாது. பழங்குடி நிலத்தின் மூலையைப் பற்றி அது எதுவும் பேசவும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: ஆன்எக்ஸ் மாதிரி ஒரு வரைபட ஆப்பில் அந்த இடத்தைத் திறந்து, ஒவ்வொரு கட்டமும் யார் பெயரில் இருக்கிறது என்று நண்பரோடு உட்கார்ந்து பாருங்கள். ஆப் தவறலாம், அதனால் சந்தேகமான கட்டத்தைக் கவுண்டிப் பதிவிலும் பழங்குடி நில அலுவலகத்திலும் சரிபாருங்கள். உங்கள் மாநில டேக் 'எந்த மானும்' என்கிறதா, 'வெண்வால் மட்டும்' என்கிறதா என்று படியுங்கள். அங்கே வெண்வால் மானோடு மியூல் மான் என்ற வேறு இனமும் சேர்ந்தே திரியும். ஈகிள் பியூட் அலுவலகத்துக்குப் போன் செய்து, இந்த சீசனில் வெளியாருக்கு ரைஃபிள் மான் டேக் இருக்கிறதா, வழிகாட்டி கட்டாயமா, எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று கேளுங்கள். டேக் கிடைக்கவில்லை என்றால், இந்த வருடம் சாலை தொடும் மாநில நிலத்தோடு நின்றுகொள்ளுங்கள். நண்பரின் பெரியப்பா வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்வர எந்த லைசென்ஸும் தேவையில்லை.