வறுத்த ஆப்ப சோடாவில் சோடா ஆஷ் எவ்வளவு?

கேள்வி: வீட்டிலேயே பருத்தித் துணிக்குச் சாயம் போடுகிறேன். ரியாக்டிவ் சாயம் பிடிக்க சோடா ஆஷ் வேண்டும் என்பதால், 500 கிராம் ஆப்ப சோடாவை ஓவனில் ஒரு மணி நேரம் வறுத்தேன். எடுத்தவுடன் 380 கிராம் இருந்தது. இரவு முழுக்கத் திறந்து வைத்திருந்தேன், காலையில் 391 ஆகிவிட்டது. இதில் எவ்வளவு மாறியிருக்கிறது? அப்படியே சாயத்துக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: முதலில் 391ஐ மறந்துவிடுங்கள். கணக்குக்கு உதவுவது 380தான், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். சூடாக்கினால் அதன் இரண்டு மோல் (துகள்களை எண்ணும் வேதியியல் அளவு) சேர்ந்து ஒரு மோல் சோடியம் கார்பனேட்டாக, அதாவது நீங்கள் கேட்கும் சோடா ஆஷாக மாறும். எடையில் சொன்னால், 168 கிராம் பைகார்பனேட்டிலிருந்து 106 கிராம் கார்பனேட் தட்டில் நிற்கும். மீதி 62 கிராமில் 18 நீராவி, 44 கார்பன் டை ஆக்சைடு. இரண்டும் காற்றோடு போய்விடும். ஆகவே, குறைந்த எடையைப் பார்த்தே எவ்வளவு சிதைந்தது என்று சொல்லிவிடலாம்.

உங்களுக்குக் குறைந்தது 120 கிராம். அதை 168ஆல் பெருக்கி 62ஆல் வகுத்தால் 325. அவ்வளவு பைகார்பனேட் சிதைந்திருக்கிறது, 175 கிராம் அப்படியே இருக்கிறது. சிதைந்த 325 கிராமிலிருந்து வந்த கார்பனேட் 205 கிராம். 175ஐயும் 205ஐயும் கூட்டினால் உங்கள் 380 வந்துவிடுகிறது, கணக்கு சரி.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. 500க்கு 325 என்றால் 65 சதவீதம் மாறிவிட்டது, எனவே தூளில் 65 சதவீதம் சோடா ஆஷ் என்று எடுத்துக்கொள்வார்கள். அது தவறு. இப்போது கையில் இருப்பது 380 கிராம், அதில் கார்பனேட் 205, அதாவது 54 சதவீதம்தான்.

சரி, 391க்கு வருவோம். நீரற்ற சோடியம் கார்பனேட் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். கூடிய 11 கிராம் பெரும்பாலும் தண்ணீர்தான். இதைத் தெரியாமல் 391ஐ வைத்துக் கணக்குப் போட்டால், 295 கிராம்தான் சிதைந்தது என்று வரும். ஆறவைப்பதென்றால் இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்தில் ஆறவைத்து நிறுங்கள். கிளறும்போது தூள் சிந்தினாலும் இதே தொல்லைதான், ஆனால் எதிர்த்திசையில்: சிந்தியதும் வாயுவாகப் போனதாகக் கணக்கில் ஏறிவிடும். ஆரம்பத்தில் போட்டது சுத்தமான ஆப்ப சோடாவாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பேக்கிங் பவுடரில் மாவும் அமிலமும் கலந்திருப்பதால் அதற்கு இந்தக் கணக்கு செல்லாது.

தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடையில் ஒரு கிராம் பிசகினால் விடையில் 2.7 கிராம் பிசகும். 500 கிராமில் அது பெரிய விஷயமில்லை. ஆனால் 20 கிராம் மாதிரியை எடுத்துச் சமையலறைத் தராசில் சோதித்தால், விடையை நம்பவே முடியாது.

அப்புறம், 54 சதவீதம்தானே, இரண்டு மடங்கு போட்டால் போயிற்று என்று நினைக்க வேண்டாம். மிச்சமிருக்கும் பைகார்பனேட் சும்மா இருக்காது. கரைசலின் pH, அதாவது காரத்தன்மையைக் காட்டும் எண், சோடா ஆஷுக்குரிய 11ஐ எட்டவிடாமல் 10 அருகே பிடித்து வைத்துக்கொள்ளும், எத்தனை கரண்டி கூட்டினாலும் சரி. எனவே திரும்ப வறுப்பதே வழி. எவர்சில்வர் தட்டில் மெல்லியதாகப் பரப்பி 200 டிகிரி செல்சியஸில் வையுங்கள். அலுமினியத் தட்டு வேண்டாம், ஈரம் பட்டால் சோடா அதை அரிக்கும். உறிஞ்சிய தண்ணீரும் இந்தச் சூட்டில் போய்விடும். 500 கிராம் முழுதும் மாறினால் 315.5 கிராம் மிஞ்ச வேண்டும். 315, 316 என்று வந்து, இன்னும் அரை மணி வறுத்தும் எடை இறங்கவில்லை என்றால் வேலை முடிந்தது.

வேறு யாராவது கொடுத்த, முன்கதை தெரியாத தூளாக இருந்தால் எடைக் குறைவை நம்ப முடியாது. போனது ஈரமா, வாயுவா என்று தராசுக்குத் தெரியாதே. அதற்குப் பள்ளி ஆய்வகத்து தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) முறை நல்லது. தூளைக் கரைத்து பினாப்தலீன் என்ற நிறங்காட்டியை விட்டு, இளஞ்சிவப்பு மறையும் வரை ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால், கார்பனேட் முழுதும் பைகார்பனேட்டாகியிருக்கும். பிறகு மெத்தில் ஆரஞ்சு என்ற இன்னொரு நிறங்காட்டியை விட்டு, மஞ்சள் நிறம் மாறும் வரை தொடர வேண்டும். முதலில் 10 மில்லி, அடுத்து 16 மில்லி செலவானால், அந்த 16இல் 10 கார்பனேட்டிலிருந்து வந்த பைகார்பனேட்டுக்கு, மீதி 6தான் முன்பே இருந்த பைகார்பனேட்டுக்கு; ஆகவே கார்பனேட்டும் பைகார்பனேட்டும் மோல் அளவில் 10க்கு 6. அவற்றை 106ஆலும் 84ஆலும் பெருக்கினால் 1060க்கு 504. ஈரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் கார்பனேட் சுமார் 68 சதவீதம்.