எல்.இ.டி. வெளிச்சம் ஸ்டில் போட்டோவுக்குப் பத்துமா?

"எல்.இ.டி. எல்லாம் வீடியோவுக்குத்தான், ஸ்டில்லுக்குப் பத்தாது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் இதையே சொன்னார்கள்.

அசையாத பொருள், டிரைபாடில் கேமரா என்றால் தாராளமாகப் பத்தும். ஒரு கைக்கடிகாரக் கேட்லாக் முழுவதையும் ஒற்றை 60 வாட் எல்.இ.டி.யில் எடுத்துக் கொடுத்தவன் நான். முன்னால் ஒளியை மென்மையாக்கும் தடிமனான டிஃப்யூஷன் துணி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11, ஷட்டர் திறந்திருந்தது கால் விநாடியிலிருந்து அரை விநாடி. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டேன். கடிகாரத்தில் தலைவலியே கண்ணாடிதான். விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் வெள்ளைத் திட்டு முள்ளைவிட்டு விலகுகிறதா, எண்களை மறைக்கிறதா என்று கண்ணெதிரே தெரியும். பட்டையின் தையலில் விழும் நிழலும் அப்படித்தான். ஒரு கணம் மின்னி மறையும் ஃபிளாஷில் இப்படிப் பார்க்க முடியாது. ஸ்டுடியோ ஃபிளாஷில் மாடலிங் லேம்ப், அதாவது நிழல் எங்கே விழும் என்று முன்கூட்டியே காட்ட எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு, இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், ஆனால் கேமரா மேல் மாட்டும் சின்ன ஃபிளாஷ்களில் பெரும்பாலும் அது கிடையாது.

அந்தப் படங்களை இன்று யார் யாரோ தங்கள் விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். என் பெயரும் இல்லை, காசும் இல்லை. கேட்டால், "பொருளோட படம்தானே சார்" என்கிறார்கள். வெளிச்சம் வைத்தது யாராம்?

இருக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். 60 வாட் விளக்குக்கு 1/60 விநாடி ஷட்டரில் கிடைப்பது 1 ஜூல் மின்சாரம். கேமரா மேல் மாட்டும் பெரிய ஃபிளாஷ் முழு சக்தியில் சுமார் 60 ஜூலை ஒரே வெட்டில் கொட்டிவிடும். வாட்டுக்கு அதிக ஒளி தருவது எல்.இ.டி.தான் என்றாலும் இவ்வளவு வித்தியாசத்தை அதனால் ஈடுகட்ட முடியாது. ஷட்டரை நீட்டினால்தான் எட்டிப் பிடிக்கும். ஓடுகிற குழந்தைக்கும் நடனத்துக்கும் உச்சி வெயிலை எதிர்த்து முகத்துக்கு ஒளி போடவும் ஃபிளாஷ்தான் சரி.

உட்கார்ந்திருப்பவரின் முகம் என்றால் எல்.இ.டி.யே போதும். ஒரு மீட்டருக்குள் சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் மேல் மாட்டும், முன்பக்கம் வெள்ளைத் துணி போட்ட பெட்டி), எஃப்/2.8, 1/125, ஐஎஸ்ஓ 400. இன்னும் வேண்டுமானால் விளக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். சிறிய விளக்கில் தூரம் பாதியானால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு).

வாங்கும்போது பெட்டியில் "500 வாட்டுக்குச் சமம்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஒரு மீட்டரில் எத்தனை லக்ஸ் (பொருள்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற மதிப்பெண், உச்சம் 100) 95-க்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, கேமராவின் எலெக்ட்ரானிக் ஷட்டரில் (திரை அசையாமல் சென்சாரே படத்தை வரிவரியாகப் பதியும் முறை) ஒரு படம் எடுத்தும் பாருங்கள். கோடு கோடாக விழுந்தால் விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டுகிறது என்று அர்த்தம், அந்த விளக்கு வேண்டாம்.