ஆயிரம் பீடிக் கணக்கும் மூன்று சுற்றுக் கணக்கும்

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. பி.காம். முடித்துவிட்டுக் காட்பாடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். மாலையில் சத்துவாச்சாரியில் உள்ள ஒரு கூடத்தில் கூண்டுச் சண்டை பழகுகிறான். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்ததாம்; எம்.எம்.ஏ. என்று அதற்குப் பெயராம். பெங்களூருவில் போட்டி நடத்தும் ஒருவர் ஆங்கிலத்தில் 11 பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கப் போவதாகச் சொல்கிறான். அமெரிக்காவில் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள் என்று கைப்பேசியில் காட்டுகிறான். என் தம்பியோ, அங்கேயும் ஆட்களைச் சுரண்டத்தான் செய்கிறார்கள் என்கிறான். இருபது வருடமாகப் பீடி சுற்றிப் பிழைக்கிற எனக்கு ஒன்றும் புரியவில்லை. சண்டை போடுகிறவர்களுக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா, இல்லையா? கையெழுத்துப் போடச் சொல்லலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, அந்த விளையாட்டு உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். அதன் கூலி முறை, இந்தப் பத்திரிகையில் வேலை செய்யும் எல்லோரையும்விட உங்களுக்கு நன்றாகப் புரியும்.

நானும் பீடி சுற்றுகிற வீட்டில் வளர்ந்தவன்தான். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிவைத்த இலை. பாட்டி கட்டிய கட்டுகளை எண்ணி எடுத்துக்கொண்டு நான் கூடவே போவேன். சோதிக்கிறவர் ஒரு கட்டைப் பிரித்து, இரண்டு பீடியை விரலால் அழுத்திப் பார்த்து, "தூள் குறைவு" என்று ஒரு கை அள்ளி ஒதுக்கிவைப்பார். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. ஒதுக்கிய பீடி வீட்டுக்கும் திரும்பி வராது. அதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருமுறை கேட்டேன். பாட்டி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

இப்போது கூண்டுக்கு வருவோம். உங்கள் மகன் கைப்பேசியில் காட்டுவது பெரும்பாலும் யூ.எஃப்.சி. என்ற அமெரிக்க நிறுவனத்தின் சண்டைகளாகத்தான் இருக்கும். அங்கே புதிதாகச் சேரும் ஒருவருக்கு அண்மைக் காலத்தில் வழக்கமான தொகை 12,000 டாலரும் 12,000 டாலரும். முதல் 12,000 கூண்டுக்குள் இறங்குவதற்கு. இரண்டாவது 12,000 வென்றால் மட்டும். தோற்றவர் பாதியோடு வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் ஐந்து நிமிடச் சுற்று மூன்றையும் இருவரும் சேர்ந்துதானே ஆடினார்கள்? தொலைக்காட்சியில் விற்றது இருவரின் ரத்தமும்தானே? கழித்த பீடியும் கடைக்குப் போகிற கதைதான் இது.

12,000 டாலர் என்றால் நம் பணத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல். உங்கள் மகன் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரிவதில் தவறில்லை. ஆனால் அது மாதச் சம்பளம் இல்லை. வருடத்துக்கு இரண்டு, மூன்று சண்டை கிடைத்தால் நல்ல வருடம். மேலாளருக்கும் பயிற்சிக் கூடத்துக்கும் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை போய்விடும். வரிப் பிடித்தம் தனி. சண்டைக்கு முன் இரண்டு மாதம் பயிற்சி, சாப்பாடு, கூடவே பழகும் ஆட்களுக்கான செலவு எல்லாம் அவரவர் பாடு. உத்தரகண்டைச் சேர்ந்த அன்ஷுல் ஜூப்ளி 2023 பிப்ரவரியில் வென்று யூ.எஃப்.சி.க்குள் நுழைந்தபோது நாடே கொண்டாடியது. அதே வருடம் அக்டோபரில் தோற்றார். அடுத்து அவர் கூண்டுக்குள் இறங்கியது 2025 பிப்ரவரியில், சிட்னியில். 19 விநாடியில் முடிந்துவிட்டது. நல்ல வீரர், அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இடையில் போன அந்தப் பதினாறு மாதத்தைப் பாருங்கள். சண்டை இல்லாத மாதத்துக்கு இந்தத் தொழிலில் கூலி இல்லை. இலை வராத வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நியாயமா என்று கேட்டீர்கள். இல்லை என்பதே என் பதில்.

தொகை சிறிதா பெரிதா என்பதை வைத்து இதைச் சொல்லவில்லை. வருகிற பணத்தில் உழைத்தவருக்கு எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கூடைப்பந்துக்கான என்.பி.ஏ.விலும், அவர்கள் ஊர்க் கால்பந்துக்கான என்.எஃப்.எல்.லிலும், ஆட்டக்காரர்களின் சங்கம் பேரம் பேசி, வருவாயில் ஏறக்குறைய பாதியை வாங்கிக்கொள்கிறது. யூ.எஃப்.சி.யில் சங்கம் இல்லை. அங்கே வீரர்களுக்குப் போவது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை என்பது நீதிமன்றத்துக்கு வந்த கணக்குகளிலேயே வெளிப்பட்டது. 2024-ல் அந்த நிறுவனத்தின் வருவாய் சுமார் 140 கோடி டாலர். 2025 ஆகஸ்டில் பாரமவுண்ட் நிறுவனத்துக்கு ஏழு வருட ஒளிபரப்பு உரிமையை 770 கோடி டாலருக்கு விற்றார்கள். நம் பக்கத்து மாடு விடும் விழாவில் ஓடுவது மாடு, பரிசுப் பணம் மாட்டுக்காரருக்கு. அந்த மாட்டுக்காவது அவர் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைக்கிறார்.

இன்னொன்று சொன்னால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் 'தொழிலாளி' என்று கணக்கில் எடுத்தது. முதலாளிகள் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974-ல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பாதையில்தான் வருங்கால வைப்பு நிதியும் வந்தது. அது எத்தனை பேருக்கு ஒழுங்காகக் கைக்கு வருகிறது என்பது வேறு வயிற்றெரிச்சல், அதை இன்னொரு நாள் பேசலாம். ஆனால் லாஸ் வேகாஸில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் வீரர், சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே இல்லை. 'தனி ஒப்பந்ததாரர்'. என்ன உடை போட வேண்டும், எந்தத் தேதியில் எடை காட்ட வேண்டும், யாரோடு மோத வேண்டும் என்பதையெல்லாம் நிறுவனம் சொல்லும். ஓய்வூதியம் என்று கேட்டால் மட்டும், நீங்கள் சொந்தத் தொழில் செய்கிறவர் என்று பதில் வரும். 2015 வரை வீரர்கள் தங்கள் கால்சட்டையில் தாங்களே தேடிப்பிடித்த விளம்பரத்தை ஒட்டிச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே கம்பெனி உடை என்ற விதி வந்து அதுவும் போயிற்று.

வீரர்கள் சும்மா இருக்கவில்லை. 2014 டிசம்பரில் குங் லீ உள்ளிட்ட வீரர்கள் யூ.எஃப்.சி. மீது வழக்குப் போட்டார்கள். தங்களோடு போட்டியிட்ட நிறுவனங்களை விலைக்கு வாங்கியும், விடாத ஒப்பந்தங்களால் கட்டிப்போட்டும், வேறு போக்கிடம் இல்லாமல் செய்து கூலியை அமுக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. பத்து வருடம் இழுத்தது. 2024-ல் 33.5 கோடி டாலருக்குச் சமரசம் என்று இரு தரப்பும் வந்தபோது, நீதிபதி ரிச்சர்ட் பூல்வேர் ஏற்க மறுத்துவிட்டார். கடைசியில் 37.5 கோடி டாலர் என்று 2025 பிப்ரவரியில் முடிந்தது. 2010 டிசம்பர் முதல் 2017 ஜூன் வரை சண்டையிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அதில் பங்கு. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. எந்த நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது?

எதிர்த்தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. 2001-ல் இந்த நிறுவனத்தை வெறும் 20 லட்சம் டாலருக்கு வாங்கியவர்கள் பல வருடம் கைப்பணத்தைக் கொட்டினார்கள்; அவர்கள் இல்லாவிட்டால் இந்த விளையாட்டே அழிந்திருக்கும் என்பார்கள். உண்மைதான். அந்தத் துணிச்சலுக்குரிய பலனை 2016-ல் சுமார் 400 கோடி டாலருக்கு விற்றபோது எடுத்துக்கொண்டார்கள். அடி வாங்கியவர்களுக்கு அந்த விற்பனையில் என்ன பங்கு என்று கேட்டால் அந்த வாதம் நொண்டத் தொடங்கும்.

பிரான்சிஸ் என்கானு என்ற கேமரூன் நாட்டவரை உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். சிறு வயதில் மணல் குவாரியில் வேலை செய்தவர். பாலாற்றங்கரைக்காரர்களுக்கு அது என்ன வேலை என்று விளக்க வேண்டாம். யூ.எஃப்.சி.யின் ஹெவிவெயிட் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே, வீரர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், அவர்கள் சார்பில் பேச ஒருவர் வேண்டும் என்று கேட்டார். ஒத்துவரவில்லை. 2023 ஜனவரியில் வெளியேறினார். அதே வருடம் அக்டோபரில் ரியாத்தில் டைசன் ஃபியூரியுடன் குத்துச்சண்டை போட்டார். தோற்றார், ஆனாலும் அந்த ஓர் இரவில் வந்தது, யூ.எஃப்.சி.யில் அதுவரை சம்பாதித்ததைவிட அதிகம் என்று அவரே சொன்னார். கேட்க முடிந்தது, ஏனென்றால் போக வேறு இடம் இருந்தது. உங்கள் மகனுக்கும் எனக்குத் தோன்றுவது அதுதான்: அவனுக்கு வேறு போக்கிடம் இருக்கும் வரைதான் அவனுக்குப் பேரம்.

அதனால் கடை வேலையை இப்போது விட வேண்டாம் என்று சொல்லுங்கள். பயிற்சியை நிறுத்தச் சொல்லாதீர்கள். சொன்னாலும் கேட்க மாட்டான். அதே சத்துவாச்சாரியிலிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் போட்டியில் பளுதூக்கித் தங்கம் வாங்கினார். ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. பளுதூக்குதலில் கோடிகள் இல்லை. ஆனால் மாவட்டம், மாநிலம், தேசியம், பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று படிக்கட்டு இருக்கிறது. கூண்டுச் சண்டைக்கு நம் ஊரில் அப்படியொரு படிக்கட்டை இன்னும் யாரும் கட்டவில்லை. குத்துச்சண்டையோ மல்யுத்தமோ இரண்டுமே கூண்டுக்கும் உதவும், ஒதுக்கீட்டுக்கும் உதவும். அதில் ஒன்றில் முறைப்படி பதிவுசெய்து மாவட்டப் போட்டிக்குப் போகிறானா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 11 பக்கத்தில் நான் முதலில் தேடுவது தொகையை அல்ல, அடிபட்டால் யார் செலவு என்ற வரியை. தோல் கிழிந்தால் தைக்கலாம், கையொடிந்தால் கட்டலாம். தலையடி வேறு. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறை 1949-ல் தொடங்கப்பட்ட சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊர்க்காரர்கள் நாம். தலையில் அடிபட்டவர்களை ஆம்புலன்சில் கொண்டுவருவதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். போட்டி நடக்கும் இடத்தில் மருத்துவரும் ஆம்புலன்சும் இருப்பார்கள், சிகிச்சைச் செலவை நடத்துகிறவர் ஏற்பார் என்று எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம். வாய்ப்பேச்சு உறுதி எதற்கும் உதவாது.

அடுத்து, எத்தனை வருடம், எத்தனை சண்டை என்று பார்க்கச் சொல்லுங்கள். 'மூன்று வருடம் எங்களுக்கு மட்டும்' என்று எழுதிவிட்டு, வருடத்துக்கு இத்தனை சண்டை தருவோம் என்று எழுதாமல் விட்டிருந்தால், அவர்கள் கூப்பிடும்வரை அவன் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு யாரிடமும் ஆடக் கூடாது என்று ஒரு வரி இருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுக்கு முன்னால் அது நிற்காது. ஒப்பந்தக் காலத்துக்குள் கட்டுப்படுத்துவது மட்டும் பெரும்பாலும் செல்லும்.

ஆங்கிலம் புரியவில்லை என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இலவசச் சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. நீங்களே மகனைக் கூட்டிக்கொண்டு, அந்த 11 பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மகன் கடைக்குக் கணக்கு எழுதுகிறவன்தானே? ஒரு தாள் கொடுத்து அடுத்த ஒரு வருடத்துக்கான தன் கணக்கை எழுதச் சொல்லுங்கள். இடது பக்கம் வரவு: எத்தனை சண்டை, எல்லாவற்றிலும் தோற்றால் எவ்வளவு. வலது பக்கம் செலவு: கூடத்துக் கட்டணம், முட்டை, கோழி, பெங்களூருவுக்குப் போய்வரும் ரயில் டிக்கெட், மருந்து, இப்போது கடையில் வாங்கும் சம்பளம் போவதால் வரும் நஷ்டம். நீங்கள் வாரக் கடைசியில் நோட்டுப் புத்தகத்தைச் சரிபார்ப்பது போல அதைச் சரிபாருங்கள். எழுதித் தர மறுத்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். இந்த முறை அவனையே எழுதச் சொல்லுங்கள்.